பெரிய படம்

தலைவர் மீரா லெப்பைக்குத் தாங்க முடியாத வயிற்றெரிச்சல். ஜமாஅத் சமுதாயக்கூடத்து இணையதளத்தைத் திறந்தாலே செயலாளர் சதக்குத்தம்பிதான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். தளத்தைப் புதுசாக்க வந்த ஜுலைகாவை நிர்வாகக் கூட்டத்திலேயே தலைவர் பிடித்துக்கொண்டார்.

"ஊரே பார்க்கிற பக்கத்துல என் படம் வரணும், அவர் படத்தைவிடப் பெருசா. ஆனா பெருமைக்குப் போட்டதா ஒருத்தரும் சொல்லக்கூடாது. முடியாட்டி வேலை என் மருமகனுக்கு."

"முடியும் காக்கா" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் ஜுலைகா. "பார்த்ததும் கையேந்தி உங்களுக்காக துஆவே கேப்பாங்க."

தலைவர் பூரித்துப்போனார். "அது எந்தப் பக்கம்மா?"

"வஃபாத் அறிவிப்பு. யாரு மௌத்து, எப்ப அடக்கம்னு பார்க்கத்தானே ஊரே திறக்குது?"

கூடம் கொல்லென்று சிரித்தது.

"என் படமே வேணாம். நீயே வேலையப் பாரு" என்றார் தலைவர்.

சதக்குத்தம்பி விடவில்லை. "அதெப்படி? பெருசாவே போடும்மா. எனக்குத் துளிப் பொறாமை இல்ல!"