காலி விமானத்தில் எத்தனை பேர்?

வத்திராயிருப்புக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில் ஒரு சின்ன மடம். அங்கே ஒரு குருவும் சில சீடர்களும் இருந்தார்கள். சீடர்களில் கடைசியாக வந்து சேர்ந்தவர் பரஞ்சோதி. குருவைவிட எட்டு வயது மூத்தவர். சென்னையில் பணக்காரர்களுக்குத் தனி விமானம் வாடகைக்கு ஏற்பாடு செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். மனைவி இறந்ததும் தொழிலைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு மடத்துக்கு வந்துவிட்டார்.

அவருக்கு ஒரே ஆசைதான். காவி வாங்க வேண்டும். கேட்கும்போதெல்லாம் குரு ஏதாவது சொல்லித் தள்ளிப்போட்டார்.

அந்த மடத்தில் காவி கேட்கிறவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான். அன்றைக்கும் குரு அதையே கேட்டார்.

"உங்களோட யாரு வந்திருக்கா?"

"யாரும் இல்லை சாமி. நான் எம்ப்டி லெக்."

குருவுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும். காலில் ஏதோ கோளாறு என்று நினைத்துக் குனிந்து பார்த்தார். "என்னய்யா ஆச்சு கால்ல?"

"கால் இல்லை சாமி. எங்க தொழில்ல ஒரு பேச்சு. சென்னையில இருந்து ஒருத்தரைக் கொண்டாந்து மதுரையில இறக்கிவிட்ட விமானம், திரும்பும்போது ஆள் இல்லாமப் போகும். அந்தப் பயணத்துக்கு எம்ப்டி லெக்னு பேரு."

"ஏன் ஆள் இல்லாமப் போவணும்? கிடைக்கிற வரைக்கும் இங்கயே நிக்கலாமே."

"அடுத்த ஊர்ல யாராவது காத்துக்கிட்டு இருப்பாங்க சாமி. போய் ஏத்தணும்."

"ஓகோ," என்றார் குரு. பிறகு, "அப்படி ஒரு விமானத்தைப் பாக்கணுமே," என்றார்.

குரு அப்படித்தான். மடத்துக்குப் புதுக் குக்கர் வந்தால்கூட, வெயிட்டை எதற்குப் போடுகிறீர்கள் என்று சமையல்காரரைப் படுத்தி எடுத்துவிடுவார். வேதாந்தம் கேட்க வந்தவர்கள் பக்கத்தில் காத்துக் கிடப்பார்கள்.

சென்னையில் ஓர் அன்பர் வீட்டுக் கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. குரு வாழ்த்தப் போக வேண்டும். ரயில் டிக்கெட்கூட எடுத்தாகிவிட்டது. பரஞ்சோதி தன் பழைய கூட்டாளியிடம் பேசினார். சனிக்கிழமை ஒரு கிரானைட் முதலாளியை மதுரையில் இறக்கிவிட்டு ஒரு விமானம் சென்னைக்குத் திரும்புகிறதாம். "சாமியைக் கூட்டிட்டு வாங்கண்ணே. சீட்டு சும்மாதான் போகுது," என்றார் கூட்டாளி.

"நீங்களும் வாங்க," என்றார் குரு. "சொல்லித்தர ஆள் வேணும். சென்னையில இறங்கினதும் காவியைப் பத்திப் பேசிடுவோம்."

பரஞ்சோதி கொஞ்சம் தயங்கினார். சென்னையில் அவருடைய மகள் பூங்கோதை இருந்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் மடத்துக்கு ஃபோன் செய்து, அப்பா இருக்காங்களா என்று கேட்பாள். மணி அடித்ததுமே பரஞ்சோதி எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுவார். குருதான் எடுத்து, "நல்லா இருக்காரும்மா," என்பார். மகளோடு அவருக்குச் சண்டை ஒன்றும் இல்லை. அவள் குரலைக் கேட்டால் மனசு கலைந்துவிடும் என்ற பயம்தான்.

"சென்னை வர்றதை மகளுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று குரு கேட்டார்.

"அந்த உறவெல்லாம் முடிஞ்சுபோச்சு சாமி," என்றார் பரஞ்சோதி.

மதுரை விமான நிலையத்தில் ஓர் ஓரமாக, வெள்ளை நிறத்தில் ஒரு குட்டி விமானம் நின்றது. குரு அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்பக்கம் வந்ததும் நின்றார்.

"வால்ல என்ன எழுத்து?"

"டெயில் நம்பர் சாமி. எங்க தொழில்ல கம்பெனி பேரைச் சொன்னா மட்டும் பத்தாது. வால்ல இருக்கிற எழுத்தைச் சொன்னாத்தான் எந்த விமானம்னு தெரியும்."

"அனுமார் கேட்டா சந்தோஷப்படுவாரு," என்றார் குரு.

விமானத்தை ஓட்டுவது கேப்டன் வினோலியா. தூத்துக்குடிக்காரர். உதவிக்கு ஓர் இளைஞர். கேப்டன் கீழே நின்ற ஊழியரிடம், "பேக்ஸ் டூ," என்று சொன்னது குருவின் காதில் விழுந்தது.

"பேக்ஸ்னா?"

"பயணிங்க சாமி. நாம ரெண்டு பேரு."

"இந்தம்மாவும் அந்தத் தம்பியும்?"

"அவங்க க்ரூ, ஓட்டுறவங்க. இந்தக் கணக்குல வர மாட்டாங்க."

"நாம ஏறலைன்னா?"

"பேக்ஸ் ஜீரோ. விமானம் காலி."

"ரெண்டு பேரு உள்ள உக்காந்திருக்கும்போதேவா?"

பரஞ்சோதி சிரித்தார். "பேச்சு அப்படித்தான் சாமி."

கேப்டனும் சிரித்தார். "எங்கம்மா மட்டும் இதை ஒத்துக்க மாட்டாங்க சாமி," என்று சொல்லிவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தார்.

அன்று பாடம் நடத்தியது பரஞ்சோதிதான். விட்டு வந்த தொழில் என்றாலும் வார்த்தைகள் நாக்கில் அப்படியே இருந்தன. அவருக்கு உற்சாகம் பிடிபடவில்லை.

"இன்னும் பத்து நிமிஷத்துல வீல்ஸ் அப் சாமி."

"அது என்ன?"

"கிளம்புற நேரம். சக்கரம் தரையை விடுற நேரம்தான் எங்களுக்குக் கிளம்புற நேரம்."

"மடத்துல கார் ஏறினோமே. வாசல் தாண்டினோம். இப்ப பெல்ட் போட்டாச்சு. எஞ்சினும் ஓடுது. இதெல்லாம் கிளம்பினதுல சேத்தியில்லையா?"

"இல்லை சாமி. சக்கரம் தரையை விடணும்."

குரு பரஞ்சோதியைத் திரும்பிப் பார்த்தார். "உங்க தொழில்ல நல்ல நல்ல பேச்செல்லாம் வச்சிருக்கீங்கய்யா," என்றார்.

விமானம் மேலே எழும்பி மேகத்துக்குள் போனது. பரஞ்சோதிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"சாமி, எனக்குக் காவி ஏன் தள்ளித் தள்ளிப் போகுது? எல்லாத்தையும் விட்டுட்டுத்தானே வந்தேன்?"

"உங்களுக்கு வீல்ஸ் அப் ஆகட்டுமே," என்றார் குரு. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புதிதாகக் கற்ற வார்த்தையைச் சரியாகப் பயன்படுத்திவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. பரஞ்சோதிக்குக் கோபம் வந்தது. குருவிடம் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

சென்னை வந்தது. கடல் தெரிந்தது. காலடியில் சக்கரம் இறங்கும் சத்தம் கேட்டது. ஆனால் விமானம் இறங்கவில்லை. திரும்பவும் மேலே ஏறியது.

இளைஞர் பின்னால் திரும்பினார். "மூணு சக்கரத்துக்கு மூணு பச்சை விளக்கு எரியணும் சார். ரெண்டுதான் எரியுது. கொஞ்சம் சுத்தி வந்து இறங்குவோம். பெல்ட்டை இறுக்கிக்கோங்க."

பரஞ்சோதிக்கு அதன் அர்த்தம் தெரியும். ஒரு சக்கரம் சரியாக இறங்காவிட்டால் விமானம் தரையில் எப்படிப் போய் விழும் என்பதும் தெரியும்.

அது சின்ன விமானம். முன்னால் தடுப்பு இல்லை. கேப்டன் மைக்கில் விமான நிலையத்தோடு பேசுவது தெளிவாகக் கேட்டது. "சோல்ஸ் ஆன் போர்டு, ஃபோர்."

குரு மெல்லக் கேட்டார். "அப்ப டூன்னாங்க. இப்ப ஃபோர்ங்கிறாங்களே?"

பரஞ்சோதி பெல்ட்டை இறுக்கிக்கொண்டே சொன்னார். "ஆபத்துன்னு வந்தா கீழ இருந்து இப்படித்தான் கேப்பாங்க சாமி. உள்ள எத்தனை ஆத்மான்னு. அப்ப பேக்ஸ், க்ரூன்னு பிரிக்க மாட்டாங்க. எல்லாரையும் சேத்துச் சொல்லணும்."

"ஒருத்தரை விட்டுட்டா?"

"விட்டா, விழுந்த இடத்துல அவரைத் தேட ஆள் இருக்காது சாமி."

குரு தலையாட்டினார். அவருக்குப் பயமே இல்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் கை இருக்கையின் பிடியை இறுகப் பற்றியிருந்தது.

பரஞ்சோதி கண்ணை மூடிக்கொண்டார். மடத்துக்கு வந்த நாளிலிருந்து காலையும் மாலையும் ஐந்தெழுத்தை ஜபித்தவர் அவர். தூக்கத்தில் எழுப்பினாலும் அதுதான் வரும் என்று மற்ற சீடர்களிடம் சொல்லிக்கொள்வார். இப்போது வாயைத் திறந்தார். வந்தது இரண்டெழுத்து.

"கோதை."

திரும்பவும், "கோதை." விமானம் வட்டமடித்தது. "கோதை, கோதை," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. தான் என்ன சொல்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. விமானம் தாழ்ந்து, தரையைத் தொட்டு, அதிர்ந்து ஓடி, நிற்கிற வரைக்கும் அந்தப் பெயர் நிற்கவில்லை.

வெளியே தீயணைப்பு வண்டிகள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டன. சற்று நேரத்தில் கேப்டன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "சக்கரம் சரியாத்தான் இறங்கியிருக்கு சாமி. பல்பு போயிருக்கு."

நாலு பேரும் இறங்கினார்கள். வெயில் முகத்தில் அடித்தது. உயிரோடு இருப்பது நன்றாக இருந்தது. குருவை அழைத்துப் போகக் கல்யாண வீட்டார் கார் அனுப்பியிருந்தார்கள்.

பரஞ்சோதி முகத்தைத் துடைத்துக்கொண்டு குருவின் காலில் விழுந்து எழுந்தார்.

"சாமி, சாவைக் கிட்டத்துல பாத்தாச்சு. இனி எனக்கு ஒரு பற்றும் இல்லை. காவியை இங்கயே கொடுத்தாலும் வாங்கிக்கிறேன்."

குரு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களோட யாரு வந்திருக்கா?"

"யாரும் இல்லை சாமி."

"அந்தம்மா கீழ எத்தனை பேருன்னு சொன்னாங்க?"

"நாலு."

"தப்பு," என்றார் குரு. "அஞ்சு பேரு வந்தோம்."

பரஞ்சோதிக்குப் புரியவில்லை. விரலை மடக்கினார். கேப்டன். அந்தத் தம்பி. குரு. தான். நாலு விரல் மடங்கிவிட்டது. கட்டைவிரல் மிச்சமிருந்தது.

"அஞ்சாவது யாரு சாமி?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதானே பேரைச் சொல்லிக்கிட்டே வந்தீங்க."

பரஞ்சோதி மடங்காத அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

குரு காரில் ஏறி உட்கார்ந்தார். கதவைச் சாத்துவதற்கு முன் தலையை வெளியே நீட்டினார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. மடத்துல ஃபோன் அடிக்கும். எடுத்து நல்லா இருக்காருன்னு சொல்ல நான் அங்க இல்லை. அந்தப் பொண்ணு உங்களைத் தேடும்."