திடலில் நட்ட அறுபத்து நான்கு கழிகள்

வெகு காலத்துக்கு முன்னால் கொன்றைமாநகர் என்று ஒரு பட்டணம். ஒருநாள் உச்சிப்பொழுதில் அங்கே ஒரு திடலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ராஜா, மந்திரி, துணி வணிகர் உலகப்பர், நெசவுக்காரி நாகாத்தாள், மேய்ந்துகொண்டிருந்த ஒரு கழுதை. குடைக்காரனை விட்டுவிட்டேன். ஐந்து பேர், ஒரு கழுதை.

முன்பு அங்கே யானைக்கொட்டாரம் இருந்தது. அது எரிந்துபோனபின் முள் மண்டிப் பாழாய்க் கிடந்தது. முப்பத்திரண்டு தறிக்காரர் வெட்டித் திருத்தினார்கள். விடியலில் அங்கேதான் பாவு நீட்டுவார்கள். தறியில் ஏற்றும் நெடுநூலை, கழிகள் நட்டு எழுபது முழத்துக்கு நேராகக் கட்டி, கஞ்சி தடவி உலர்த்துவதுதான் பாவு. வெயில் ஏறினால் இழை அறும். அதனால் அதற்குள் பாவைச் சுருட்டி, கழிகளையும் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

உலகப்பருக்கு அங்கே பெரிய துணிக்கிடங்கு கட்ட ஆசை. மூன்று நாள் ராஜாவை அழைத்துவந்தார். மூன்று நாளும் உச்சிப்பொழுதில். மூன்று நாளும் திடல் காலி.

"மகாராஜா, இங்கே குடியிருப்பது இந்தக் கழுதை ஒன்றுதான்" என்றார்.

விஷயம் அறிந்து மூன்றாம் நாள் ஓடிவந்த நாகாத்தாள், விடியலில் வந்து பார்க்கும்படி ராஜாவைக் கேட்டுக்கொண்டாள். பாவைத் தெருவில் நீட்டலாமே என்றார் உலகப்பர்.

"தெரு வளைகிறது, ஐயா. நூல் வளையாது."

ராஜா தாடியைத் தடவினார். திடல் போனால் முப்பத்திரண்டு தறியும் நின்றுவிடும் என்று நாகாத்தாளுக்குத் தெரியும். ஆனாலும் அவள் அழவில்லை.

"ஐயா இன்றே வேலி போடட்டும், ராஜாவே. கட்டுவதற்கு முன் பத்து நாளுக்கு ஒருமுறை, கிடங்கில் வைக்கப்போகும் சரக்கை இங்கே கொண்டுவந்து காட்டட்டும். மூன்று முறையும் வண்டி நிறைய வந்தால் நாங்கள் வாய் திறக்க மாட்டோம்."

இவ்வளவுதானா என்று சிரித்துக்கொண்டே உலகப்பர் ஒப்புக்கொண்டார். அறுபத்து நான்கு கழி நட்டு வேலி போட்டார்.

பத்தாம் நாள் மூன்று வண்டித் துணி வந்தது. எல்லாம் அந்த முப்பத்திரண்டு தறிகளில் முன்பே ஏற்றியிருந்த பாவில் நெய்தது.

இருபதாம் நாள் ஒரு வண்டி வந்தது. அதுவும் பாதிதான்.

முப்பதாம் நாள் அந்தக் கழுதை வந்தது. முதுகில் ஒரு காலிக் கோணி. பின்னால் உலகப்பர் தலை குனிந்து வந்தார்.

"எங்கே ஐயா சரக்கு?" என்றார் ராஜா.

"பாவு இல்லாமல் தறி எல்லாம் சும்மா கிடக்கிறது, மகாராஜா. சரக்கு விளையும் நிலத்திலேயே சரக்குக்கு வீடு கட்டப் பார்த்தேன்."

ராஜா சிரித்தார். நாகாத்தாள் சிரித்தாள். கடைசியில் உலகப்பரும் சிரித்துவிட்டார். முதல் கழியை அவரே பிடுங்கினார். கிடங்கைத் தம் வீட்டுக் கொல்லையில் கட்டிக்கொள்வதாகச் சொன்னார். கழிகளை நெசவுக்காரர்களுக்கே கொடுத்துவிட்டார். அவர்களுடைய பழைய கழிகள் வளைந்துபோயிருந்தன.

மறுநாள் விடியலில் திடலில் ஐந்து பாவு நீண்டன. பார்க்க ராஜாவும் வந்திருந்தார்.

கேட்டவர்கள் இதை மனதில் வையுங்கள்: ஊரார் உழைக்கும் நிலத்தை, நாம் பார்த்த நேரத்தில் காலியாக இருந்தது என்பதற்காகப் பாழ்நிலம் என்று எண்ணக் கூடாது.

பாவு ஒன்றுக்குக் கழி பன்னிரண்டு. ஐந்து பாவுக்கு அறுபது. மீதி நான்கு.