தலைமையாசிரியரின் மதியச் சாப்பாடு

எத்தனையோ வருஷம் கழித்தும், பள்ளி விடுதியில் தலைமையாசிரியர் தகரத் தட்டை மேசையில் மோதி வைத்த அந்த ஓசை சிரோங்காவின் காதில் இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் மாசாய் இனத்தில் சடங்கு முடிந்து வீரனாகிவிட்டவன், இன்னொரு வீரன் உடனில்லாமல் சாப்பிடக் கூடாது. சிரோங்கா அப்போதுதான் வீரனாகியிருந்தான்; விடுதியில் மற்றவர்களெல்லாம் சின்னப் பையன்கள். அவன் நேற்றிலிருந்து பட்டினி.

"தின்னுடா, இல்லேன்னா மாடு மேய்க்கப் போ! இங்கே காட்டு வழக்கம் செல்லாது," என்றார் தலைமையாசிரியர். கோட்டுப் போட்டிருந்தாலும் அவரும் மாசாய்தான்.

"சரிங்க ஐயா. நீங்க தினமும் காவல்காரரைக் கூப்பிட்டுப் பக்கத்துல உட்கார வச்சுத்தானே சாப்பிடுறீங்க? அவரும் பழைய வீரராமே. அவரை எனக்கும் கொஞ்சம் அனுப்பி வையுங்க," என்றான் சிரோங்கா.

பையன்கள் சிரித்துவிட்டார்கள். தலைமையாசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவன் தட்டிலேயே கை வைத்தார். "சாப்பிடு," என்றார், தலை நிமிராமல்.

படிப்பு பிழைத்தது. ஆனால் அவனோடு வீரரான தோழர்கள், வீரர் பருவம் முடியும் சடங்கில் ஒன்றாகத் தலைமழித்துக்கொண்ட நாளில் சிரோங்கா பள்ளியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். அதன் பிறகு அவர்கள் கூட்டத்தில் அவனுக்கு இடம் இருக்கவில்லை.