வணிகவியல் சார் போனை சைலன்ட்டில் போடாத நாள்

சத்தியம். போன மாதம் கட்டிய என் பல்செட்டின் மேல் சத்தியம். இதில் ஒரு சொல் பொய் என்றாலும் சாகும்வரை கஞ்சி மட்டும் குடித்துக் கிடக்கிறேன்.

"போன் அடிக்கக் கூடாது. மெசேஜும் வரக் கூடாது. அதுக்கு ஒரு வழி சொல்லு, ஜெசிந்தா."

கேட்டவர் மேல்நிலைப்பள்ளி வணிகவியல் வாத்தியார் திருமேனி. வயது ஐம்பத்திரண்டு.

ஜெசிந்தா பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் போன் கெட்டாலும் சரி, மனசு கெட்டாலும் சரி, ஊர் அவளிடம்தான் போகும்.

"சைலன்ட்ல போடுங்க சார்."

"போட்டாலும் மெசேஜ் வந்து எட்டிப் பாக்குது."

"பாத்தா பாக்கட்டுமே."

"நாற்பத்தொரு பிள்ளைங்க பாப்பாங்கம்மா!"

விஷயம் இதுதான். பதினொன்றாம் வகுப்புக்கு வாரம் ஒரு மணி நேரம் பணத்தைப் பற்றிப் பாடம். சேமிப்பு, வட்டி, இணைய மோசடி. இணையத்தில் நல்ல நல்ல வீடியோக்கள் உண்டு. பள்ளிக்கூட இன்டர்நெட்தான் எந்நேரமும் படுத்துக் கிடக்கும். ஆகவே சார் தன் போனையே பெரிய திரையோடு இணைத்துவிடுவார். போனில் வருவதெல்லாம் சுவரிலும் வரும்.

பயத்தில் ஒரே வாரத்தில் நாலு அங்குலம் குட்டையாகிவிட்டார் மனுஷன். பேண்டின் காலை மடித்துவிட்டு நடந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

மேசைமேல் குப்புறக் கிடந்த அவர் போன் அதிர்ந்தது. ஜெசிந்தாவின் ஸ்குரூக்கள் ஒரு ஜாண் துள்ளி விழுந்தன.

நின்றது.

மறுபடி அதிர்ந்தது.

"யாரு சார்?"

"கடன் ஆப். எட்டாயிரம் வாங்கினேன். இருபத்திரண்டாயிரம் கட்டிட்டேன். இன்னும் இருக்காம். என் போட்டோவை அசிங்கமா மாத்தி வெச்சிருக்கான். எல்லாருக்கும் அனுப்பிடுவானாம்."

"வீட்ல சொன்னீங்களா?"

"ஐயோ."

"போலீஸ்ல?"

"நான் வாத்தியாரும்மா."

"நாளைக்கு என்ன பாடம்?"

சார் தரையைப் பார்த்தார்.

"கடன் ஆப்புல சிக்காம இருக்கிறது எப்படின்னு."

ஜெசிந்தா சிரிக்கவில்லை.

"போட்டுக் காட்டுங்க."

ஆறு நிமிஷ வீடியோ. முடிந்ததும் பத்துக் கேள்விகள். ஜெசிந்தா விரலால் தள்ளிக்கொண்டே போய்ப் பத்தாவதில் நின்றாள்.

'மிரட்டல் வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?'

"இதுக்கு நீங்க என்ன பதில் போட்டீங்க சார்?"

"நான் கேக்கறவன்ம்மா. பதில் போடறவன் இல்ல."

அவள் போனை மேசையில் வைத்தாள். இந்தத் தடவை திரை மேலே பார்க்க வைத்தாள்.

"வேலை முடிஞ்சுது. எடுத்துட்டுப் போங்க."

"ஒண்ணுமே பண்ணலியே!"

அவள் அடுத்த ஆளின் போனைத் திறக்க ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் மூன்றாம் பீரியட். சார் போனைத் திரையோடு இணைத்தார். கட்டை விரல் பழக்கத்தில் சைலன்ட் பட்டனுக்குப் போனது.

அங்கேயே நின்றது.

"சார், வீடியோ?" என்றான் முன் பெஞ்சு.

விரலை எடுத்துவிட்டார்.

வீடியோ இரண்டு நிமிஷம் ஓடியது. திரையின் உச்சியில் ஒரு மெசேஜ் இறங்கியது. 'நாலு மணிக்குள்ள கட்டலேன்னா உன் மானம் போயிரும்டா வாத்தி.'

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

போன் அடித்தது. வேப்பமரத்துக் காக்கைகள் மொத்தமும் எழுந்து பக்கத்து ஊருக்கே போய்விட்டன. சார் ஸ்பீக்கரைப் போட்டார். மூன்றாவது தடவைதான் பட்டன் விழுந்தது.

"என்னய்யா, பயந்துட்டியா? எட்டாயிரத்துக்கு வழியில்லாத நீ என்னத்தடா பாடம் நடத்துற? உம் பொண்டாட்டி நம்பர் எங்கிட்ட இருக்கு. மொத போட்டோ அவளுக்குத்தான்."

பேசிக்கொண்டே போனான். சார் துண்டிக்கவில்லை. அவன்தான் வைத்தான்.



"பதினோரு நாளாச்சு," என்றார் சார். "இன்னைக்குத்தான் முதல் தடவையா நாலு பேர் முன்னாடி சொல்றேன்."

சார் சுண்ணாம்புக்கட்டியைத் தேடினார். அது கையிலேயே இருந்தது.

கடைசி பெஞ்சில் பேச்சித்தாய் எழுந்தாள். வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை. சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரக் கூடாத ஒரு போனை எடுத்தாள்.

"சார்..."

"சொல்லும்மா."

"இந்தக் குரல்தான். எனக்கும் போன் போடுவான், மத்தியானம் சாப்பிடறப்பதான்."

நடந்தது இவ்வளவுதான். சொன்னது நான் என்று மட்டும் மூச்சுவிடாதீர்கள். என் போன் இப்போது என் ரகசியங்களோடு ஜெசிந்தா கடையில்தான் திறந்து கிடக்கிறது.