தாய்மாமன் பறந்து வந்த கதை

புளுகில் அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு என்று இரண்டு உண்டு. மாரிக்கனியின் தம்பி சொள்ளமுத்து அன்றைக்கு இரண்டாவதைக் கையில் எடுத்தான். கையில் வேறு எதுவும் இல்லை என்பதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

சாஸ்தா கோயில் வாசலில் அவள் மகளுக்குக் காதுகுத்து. பிள்ளைக்கு மொட்டை போட்டுச் சந்தனமும் பூசியாயிற்று. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்தவேண்டும், கம்மலும் பட்டும் அவன்தான் கொண்டுவரவேண்டும். மாமன் வராவிட்டால், பிறந்த வீட்டில் நாதியற்றவள் என்று மாமியார் காலமெல்லாம் குத்திக்காட்டுவாள். நல்ல நேரம் முடியப்போகிற நேரத்தில், டவுன் பஸ்ஸில் இருந்து வெறுங்கையை வீசிக்கொண்டு இறங்குகிறான் மாமன்! மாரிக்கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏல, இதான் வார நேரமா?"

"மதுரையில இருந்து பிளேன்ல வாரேன்க்கா. தூத்துக்குடி வாகைக்குளம் ஏர்போர்ட்ல இறங்குனேன். அங்கன இருந்து இந்த ஓட்டை பஸ்சுதான் லேட்டு."

அவள் புருஷன் கொம்பையா சிரித்தான். "மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் ஏது மாப்ள பிளேனு? பெல்ட்டை மாட்டுறதுக்குள்ள ஊரு வந்துருமே."

"உங்களுக்கு விடமாட்டான் அத்தான். எனக்கு விட்டான். மருமவளுக்குக் காதுகுத்துன்னேன், பைலட்டு எந்திரிச்சு நின்னுட்டான். மேல ஏறி இறங்குனா நேரமாவும்னு பனமர உசரத்துலயே ஓட்டுனான். சாத்தூர்ல ஜன்னல் வழியா கையை நீட்டி வெள்ளரிக்கா வாங்குனேன்னா பாத்துக்கிடுங்க."

"வெள்ளரிக்காய எங்க?"

"தின்னுட்டேன்."

"கம்மல் எங்கல?" என்றாள் மாரிக்கனி.

"அங்கதான்க்கா வாரேன். கோவில்பட்டி தாண்டவும் என்னா வேகம்ங்க! பிளேனோட நிழலே ஓடமாட்டாம எட்டயபுரத்துல மூச்சு வாங்கி நின்னுட்டு. அந்த வேகத்துல என் மடியில இருந்த சீர்த்தட்டும் பின்தங்கிட்டு. பட்டு, பழம், கம்மல் எல்லாம் வானத்துல வரிசையா வந்துக்கிட்டு இருக்கு."

ஆசாரி ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, பார்த்ததற்காக வெட்கப்பட்டார். "வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு" என்று மாமியார் எல்லாருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தாள். மாரிக்கனிக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. அழுதால் இவனுக்காக அழுததாகிவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

சமையல் பக்கம் அண்டா தூக்கிக்கொண்டிருந்த ஐயாக்குட்டியைக் கூப்பிட்டாள். அவளுடைய பெரியப்பா மகன். முறைக்கு அவனும் மாமன்தான். தன் பங்குக்குச் சின்னதாக ஒரு ஜோடிக் கம்மல் வாங்கி வந்திருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டான். ஆசாரி பிள்ளையின் காதைப் பிடித்தார்.

சொள்ளமுத்து இதையெல்லாம் எங்கே கண்டான்? அவன் வானத்தைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"கடைசியில வேகம் எல்லை மீறிப்போச்சுங்க. மணியே பின்னால ஓட ஆரம்பிச்சுட்டு. இன்னைக்குக் காலையில மதுரையில ஏறுன நான், நேத்து சாயங்காலமே இங்க வந்து இறங்கிட்டேன்! இப்ப சொல்லுங்க, நானா லேட்டு?"

பிள்ளை வீலென்று கத்தியது. திரும்பிப் பார்த்தான். இரண்டு காதிலும் கம்மல் ஏறியிருந்தது. அசடு வழிய, பந்தி நடந்த பக்கம் மெல்ல நகர்ந்தான்.

மாரிக்கனி குறுக்கே வந்து நின்றாள்.

"நீதான் நேத்தே வந்துட்டியேல. உனக்கு நேத்தே இலை போட்டாச்சு. போயிட்டு வா."