கடல் நடுவே கூடிய நடுவர் மன்றம்

அறிவை மூட்டையில் கட்டி விற்றிருந்தால், கீழ்மணக்காட்டுக் கூட்டாளிகள் மூவரும் அறிவைக் கொட்டிவிட்டுச் சாக்கை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்திருப்பார்கள். அருமைநாயகம், வீரபாகு, பிச்சைக்கண் என்று பேர். தென்னைநாரில் கால்மிதி முடைகிற தொழில்.

மாலத்தீவு ஓட்டல்காரர் ஒருவர் அறுநூறு கால்மிதி கேட்டு ஒப்பந்தம் அனுப்பினார். வெளிநாட்டு வியாபாரச் சட்டம் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மூவரும் தூத்துக்குடி வக்கீல் தர்மசீலனிடம் மூன்று நாள் பாடம் கேட்டார்கள். அருமைநாயகம்தான் தலைவர். மற்ற இருவரும் எதற்கும் உடனே தலையாட்டுவார்கள்; இவர் கொஞ்சம் பொறுத்து ஆட்டுவார். அதனால் அறிவாளி என்று ஊரில் பேர். அவரும் அதை நம்பினார்.

"ஒப்பந்தத்துல சின்ன எழுத்துதான் ஆளைக் கவுக்கும். அதை விட்டுடாதீங்க" என்றார் வக்கீல்.

விடவில்லை. ஊருக்கு வந்ததும் கத்தரிக்கோலால் சின்ன எழுத்தையெல்லாம் ஒன்று விடாமல் வெட்டி அடுப்பில் போட்டார்கள். மிச்சம் சல்லடை மாதிரி இருந்தது. அருமைநாயகம் ஓட்டை இல்லாத இடமாகத் தேடிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த பாடம் இது: "சரக்கு, கப்பலோட விளிம்பைத் தாண்டற வரைக்கும் உங்க பொறுப்பு. தாண்டிட்டா வாங்கினவர் பொறுப்பு."

தோணித் துறையில், மாலத்தீவு போகிற சரக்குத் தோணியின் மாலுமிகள் கால்மிதிக் கட்டுகளை வாங்கக் கை நீட்டினார்கள். கையில் கொடுத்தால் தாண்டியதாகுமா என்று மூவருக்கும் சந்தேகம். மூச்சைப் பிடித்து வீசினார்கள். முதல் கட்டு தோணிக்கு மேலாகப் பறந்து அந்தப் பக்கத்துக் கடலில் விழுந்தது.

"அண்ணாச்சி, அங்கிட்டு விளிம்பையும் தாண்டிட்டுல்லா?" என்றார் பிச்சைக்கண்.

அருமைநாயகம் கொஞ்சம் பொறுத்தார். "ஒரு விளிம்பைத் தாண்டினா அவர் பொறுப்பு. ரெண்டைத் தாண்டினா?"

"ரெண்டு மடங்கு அவர் பொறுப்பு" என்றார் வீரபாகு.

மிச்சக் கட்டுகளை இன்னும் வேகமாக வீசினார்கள்.

சரக்கு வரவில்லை, தகராறை நடுவரிடம் விடுவோம் என்று மாலத்தீவிலிருந்து கடிதம் வந்தது. அதற்கும் பாடம் இருந்தது. நடுவர் மன்றம் இரண்டு நாட்டுக்கும் பொதுவான இடத்தில் கூட வேண்டும். நடுவர் எதுவும் முன்கூட்டித் தெரியாதவராக இருக்க வேண்டும். பொதுவான இடம் கடல்தான் என்று முடிவு செய்து, சூசை என்பவரின் படகை அமர்த்திக்கொண்டு கரை மறையும் வரை போனார்கள்.

"ஒண்ணும் தெரியாதவர்னா அது நான்தான்" என்றார் வீரபாகு.

"உமக்கு நீச்சல் தெரியும். எனக்கு அதுவும் தெரியாது" என்றார் பிச்சைக்கண்.

அருமைநாயகத்துக்கு மனசு சுருங்கிப் போயிற்று. இத்தனை வருஷத் தலைவர், இதிலா பின்தங்குவது? "நாம எந்த வழக்குக்கு வந்திருக்கோம்னே எனக்குத் தெரியாதுவே" என்றார்.

மற்ற இருவரும் எழுந்து கும்பிட்டார்கள்.

நடுவரானதும் எதிராளியை மூன்று முறை கூப்பிடச் சொன்னார். மாலத்தீவு இருக்கும் திசை என்று தோன்றிய பக்கமாகக் கூவினார்கள். யாரும் வரவில்லை. கீழ்மணக்காட்டாருக்கே வெற்றி என்று தீர்ப்பாயிற்று.

"ஜெயிச்சாச்சுல்லா, படகைத் திருப்பட்டுமா?" என்றார் சூசை.

"பொறும். தீர்ப்பு வந்தா மேல்முறையீடு செய்ய உரிமை உண்டுன்னு வக்கீல் சொன்னாவ. உரிமையை எதுக்கு விடணும்?" என்றார் வீரபாகு.

"ஜெயிச்சவங்களுமா செய்வாவ?"

"செய்யக் கூடாதுன்னு வக்கீல் சொல்லலையே."

அங்கேயே மேல்முறையீடு போட்டார்கள். கடலில் வேறு ஆள் கிடைக்காததால் அதையும் அருமைநாயகமே விசாரித்தார். வழக்கத்தைவிட அதிகமாகப் பொறுத்தார்.

"முந்தி தீர்ப்பு சொன்ன ஆளுக்கு என்ன வழக்குன்னே தெரியாது. அந்தத் தீர்ப்பு எப்படிச் செல்லும்? அது ரத்து. ஓட்டல்காரருக்கு அறுநூறு கால்மிதி புதுசா முடைஞ்சு கொடுக்கணும்."

வீரபாகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போகட்டும் பிச்சைக்கண்ணு. தோத்தாலும் படிச்ச ஆளுகிட்டதானே தோத்தோம்."