மூடாத இதழ்

பூக்களுக்குப் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், கரம்பைக்குளத்தில் காத்தாயி என்றொருத்தி இருந்தாள். கந்தல் துணிகளை அடுக்கித் தைத்துப் போர்வை செய்வாள். எந்தப் பூவைத் தைத்தாலும் அதன் குணம் போர்வைக்கு வந்துவிடும். ஆவாரம்பூ காய்ச்சலைத் தணிக்கும். வேப்பம்பூ அம்மையை விரட்டும்.

மூன்றாம் ஆண்டும் மழை பொய்த்தது. காத்தாயியின் ஒரே மகள், சின்னஞ்சிறு செம்பி, பசியில் கண் மூடாமல் அழுதாள். காத்தாயி குளத்துக்குப் போனாள். கடைசிக் குட்டையில் ஒரே ஓர் அல்லி நின்றது.

"என் பிள்ளைக்குத் தூக்கம் கொடு, தாயே."

"தூக்கம் வயிற்றை நிரப்புமாடி?"

"பசி தெரியாமலாவது கிடப்பாளே."

அல்லி பெருமூச்சு விட்டது. "சரி, என் உருவைச் சிவப்புத் துணியில் வெட்டித் தை. ஓர் இதழின் நுனியை மட்டும் தைக்காதே. அந்தியில் தூக்கம் அந்த வழியாக வரும். விடிந்ததும் அதே வழியாகப் போகும்."

காத்தாயி அப்படியே தைத்தாள். "எங்களை நாலு பக்கமும் அடைத்தாய், அவளுக்கு மட்டும் வாசலோ?" என்று போர்வையிலிருந்த ஆவாரம்பூ நொடித்தது.

செம்பி திறந்த இதழுக்குள் விரலை நுழைத்தபடி தூங்கினாள். விடிந்ததும், "அம்மா, கஞ்சி?" என்றாள். காத்தாயி காலிப் பானையைக் கவிழ்த்து வைத்தாள்.

மலைக்கு அந்தப் பக்கம் கம்பு கிடைப்பதாகச் செய்தி வந்தது. போக ஒரு பகல், வர ஒரு பகல். செம்பியால் நடக்க முடியாது. தூக்கிக்கொண்டு ஏறக் காத்தாயிக்கும் தெம்பில்லை. தனியே விழித்தால், தாயைத் தேடி வெயிலில் தவழ்ந்து போய்விடுவாள். விடியும் முன் காத்தாயி ஊசியை எடுத்தாள்.

"வேண்டாம் காத்தாயி! அல்லி சொன்னதை மறந்தாயா?" என்று ஆவாரம்பூ பதறியது.

"மறக்கவில்லை. நாளைச் சாயங்காலம் வந்து பிரித்துவிடுவேன்."

செம்பியின் விரலை மெல்ல வெளியே எடுத்தாள். ஐந்தே தையல். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

மறுநாள் மாலை முந்தானையில் கம்போடு வந்தாள். செம்பி புரண்டுகூடப் படுக்கவில்லை. எழுந்ததும் பிள்ளை சாப்பிடட்டும் என்று முதலில் கஞ்சி காய்ச்சினாள். பிறகு ஊசிமுனையால் தையலைப் பிரித்தாள். ஒன்று, இரண்டு... ஐந்து. இதழ் திறந்தது.

"செம்பி, கஞ்சி குடிக்க வா."

கஞ்சி ஆறியது. ஏடு படிந்தது. விடிந்த பிறகும் செம்பி விழிக்கவேயில்லை.

காத்தாயி ஆவாரம்பூவைப் பார்த்தாள். அது ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பூவும் மனிதரோடு பேசவில்லை.

அன்று முதல்தான் கரம்பைக்குளத்துப் பெண்கள், பிள்ளைகளின் போர்வையில் அல்லியைத் தைக்கும்போது ஓர் இதழின் நுனியைத் தைக்காமல் விடுகிறார்கள். ஏன் என்று பிள்ளைகள் கேட்டால், "நூல் தீர்ந்துபோச்சு" என்கிறார்கள்.